தொலைக்காட்சிக்கு முன்பே வந்த போட்டி
பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளின் அமெரிக்க ஃபுட்பால் பகையை வளர்த்துவிட்டதே தொலைக்காட்சியும் விளம்பரப் பணமும்தான் என்கிறது இங்கே வந்திருக்கும் கட்டுரை. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெல்லஸ்லி, நீடம் என்ற பக்கத்து ஊர்களின் பள்ளிகள் மோதத் தொடங்கியது 1882இல். அப்போது வானொலிகூடக் கிடையாது. ஓஹையோ மாநிலத்தில் மாசிலன் ஊர்ப் பள்ளியும் கேன்டன் ஊரின் மெக்கின்லி பள்ளியும் 1894இலேயே களத்தில் இறங்கிவிட்டன. மாசிலனில் பிறக்கும் ஆண் குழந்தைக்குக் குட்டி ஃபுட்பால் ஒன்றைக் கையில் கொடுப்பது பல காலப் பழக்கம். பின்னாளில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற தொழில்முறை அணியை உருவாக்கிய பால் பிரவுன் 1932 முதல் 1940 வரை பயிற்சியாளராக இருந்ததும் மாசிலன் பள்ளியில்தான். இவையெல்லாம் ஊர்க்காரர்கள் தாங்களே வளர்த்தெடுத்தவை. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர், இந்தப் போட்டி பிள்ளைகள் மனதில் வெறுப்பை விதைக்கிறது என்று எழுதியிருக்கிறார். அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் மகன் இப்படி ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில், ஆட்டங்களின்போது இசைக்கும் பேண்டில் டிரம்பெட் வாசித்தான். நான்கு வருடமும் ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்தைக்கூட நான் விட்டதில்லை. கடைசி வருடம் பக்கத்து ஊரிடம் ஒரே புள்ளியில் தோற்றோம். எங்கள் பையன் ஒருவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் முட்டிபோட்டு அழுதுகொண்டிருந்தான். தன் அணி அந்தப் பக்கம் குதித்துக் கொண்டாடிக்கொண்டிருக்க, எதிரணிப் பையன் ஒருவன் மட்டும் திரும்பி ஓடிவந்து, இவன் தோள்கவசத்தைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, மைதான விளக்கை அணைக்கும்வரை கூடவே நின்றான். முந்தைய கோடை விடுமுறை முழுக்க இரண்டு பேரும் ஒரே பண்ணையில் வைக்கோல் கட்டு ஏற்றியவர்கள்.