முப்பது வருஷத்துக்கு முந்தைய மார்க்கும் மென்சாவும்

போன வாரம் பழைய ஃபைல் ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தபோது அமெரிக்க மேற்படிப்புக்காக 1993-ல் நான் எழுதிய ஜிஆர்இ தேர்வின் ஸ்கோர் ஷீட் கையில் கிடைத்தது. மடித்த இடமெல்லாம் விட்டுப்போய், தொட்டால் கிழிந்துவிடும் பதத்தில் இருக்கிறது. வெர்பல் எனும் ஆங்கிலப் பகுதியில் 540, கணக்கில் 750. கூட்டினால் 1290. இங்கே அமெரிக்க மென்சாவில், அதாவது அறிவுத்திறன் மிகுந்தவர்களுக்கான சங்கத்தில், பல வருஷமாக உறுப்பினராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "அட, இது போதுமே! அனுப்பிடுங்க, பரீட்சையே எழுத வேண்டாம்" என்றார்.

உண்மைதான், விதி அப்படித்தான் இருக்கிறது. 1994 மே மாதத்துக்கு முன் ஜிஆர்இ எழுதியவர்களுக்கு வெர்பலும் கணக்கும் சேர்ந்து 1250 இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். அதன்பிறகு 2001 செப்டம்பர் வரை எழுதியவர்கள் அனலிட்டிகல் எனும் தர்க்கப் பகுதியையும் சேர்த்து 1875 காட்ட வேண்டும். அதற்கும் பிறகு எழுதியவர்களின் மார்க் செல்லாது. கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி-க்கும் இதே மாதிரி ஒரு கோடு உண்டு, 1994 ஜனவரியோடு சரி.

"முப்பது வருஷத்துக்கு முந்தைய மார்க்கை வைத்து இன்றைய மூளையை எடைபோடுவதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை. 1946-ல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய மென்சாவில் சேர நிபந்தனை ஒன்றுதான்: நூறு பேரில் முதல் இரண்டு பேருக்குள் வர வேண்டும். மார்க் என்பது அந்த இடத்தைக் காட்டும் அடையாளம், அவ்வளவே. அதனால்தான் ஐக்யூ தேர்வுகளில் கேட்டெல் அளவுகோலில் 148, ஸ்டான்ஃபோர்ட்-பினேயில் 132, வெக்ஸ்லரில் 130 என்று மூன்று விதமாக இருந்தும் மூன்றும் ஒரே இடத்தைக் குறிக்கின்றன. எஸ்ஏடி-யில் 1974 செப்டம்பர் வரை 1300 கேட்டார்கள், அதற்குப் பிறகு எழுதியவர்களுக்கு 1250. சலுகை இல்லை இது, அளவுகோல் நகர்ந்தது, கோடும் கூடவே நகர்ந்தது. 1994-ல் எஸ்ஏடி தேர்வின் அமைப்பே மாறியது, எதிர்ச்சொல் கேள்விகள் போயின, அடுத்த வருஷம் சராசரியை மறுபடி 500-க்குக் கொண்டுவந்து மார்க் முறையையே திருத்தினார்கள். ஆகவே பழையது செல்லும், புதியது செல்லாது என்பதில் நியாயம் இருக்கிறது. முறையாக நடந்த ஒரு தேர்வில் ஒரு தடவை நிரூபித்தவர் திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டியதில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் என்ன தயக்கம் என்று நண்பர் கேட்டார்.

அந்த ஃபைலுக்குள் ஸ்கோர் ஷீட்டுக்கு அடியில் ஒரு நோட்டும் இருந்தது. நீல மையில் இடப்பக்கம் ஆங்கில வார்த்தை, வலப்பக்கம் தமிழில் பொருள். 'லாகோனிக்' - சுருங்கப் பேசுபவன். 'அப்ஸ்டீமியஸ்' - சாப்பாட்டிலும் குடியிலும் மட்டாக இருப்பவன். இப்படிப் பக்கம் பக்கமாக, மறந்துபோனதற்குச் சிவப்பில் ஒரு புள்ளி, மறுபடி மறந்தால் இரண்டு புள்ளி. ஆறு மாதம் விடிகாலையில் எழுந்து உருப்போட்டேன். அந்த 540 முழுக்க அந்த நோட்டிலிருந்து வந்தது. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்து, படித்த புத்தகங்களிலிருந்து தானாகச் சொல்வளம் சேர்ந்த ஒருவருக்கு வெர்பல் மார்க் அவருடைய அறிவுத்திறனைக் கொஞ்சம் காட்டும் என்று நம்புகிறேன். எனக்கு அது காட்டியது என் உழைப்பை.

கணக்கில் 750 இருக்கிறதே என்பீர்கள். கேட்டதெல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு. இன்ஜினியரிங் முடித்துவிட்டு எழுதப்போன எங்கள் கூட்டத்தில் அந்த மார்க்கை யாரும் பெரிதாகப் பேசிக்கொண்டதுகூட இல்லை. இந்த இரண்டையும் கூட்டி 1250-ஐத் தாண்டியதால் நூறில் இரண்டு பேருக்குள் நான் வந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. விதியின்மேல் குற்றம் சொல்லவில்லை. வகுத்தவர்கள் இங்கே படித்து இங்கேயே தேர்வெழுதும் பிள்ளைகளை நினைத்துத்தான் வகுத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது, என்னைப் போல நோட்டுப் போட்டு வந்தவர்களை அல்ல.

இதே நிலையில் இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். பழைய மார்க்கை அனுப்பிச் சேர்ந்திருந்தால் அதில் தப்பே இல்லை, விதி கொடுத்த உரிமை அது. ஆனால் சேர்வதற்கு முன் அந்த மார்க் எப்படி வந்தது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள், முக்கியமாக அதைப் பிள்ளைகளிடம் காட்டி "அப்பா ஜீனியஸ் தெரியுமா" என்று சொல்வதற்கு முன்னால். அந்தச் சிவப்புப் புள்ளிகளையும் அவர்களுக்குக் காட்டுங்கள்.

நான் மென்சாவே நடத்தும் நுழைவுத் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் எழுதுகிறேன். தேறாவிட்டாலும் இங்கே வந்து சொல்கிறேன்.