ஒரே 'டக்'கில் ஜவ்வு உள்ளே போகாது

தஞ்சாவூர், மன்னார்குடி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. ஆஸ்டியோபதி முறையில், அதாவது எலும்பு, மூட்டு, தசைகளைக் கையால் அழுத்தி அசைத்துச் செய்யும் வைத்தியத்தில், முதுகை ஒரே தடவை 'டக்' என்று எடுத்துவிட்டால் விலகிய ஜவ்வு (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்) உள்ளே போய்விடுமாம், ஸ்கேனே வேண்டாமாம், உலக சுகாதார நிறுவனமே அங்கீகரித்த வைத்தியமாம்.

அப்படி இல்லை. அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியால் வருவது. பிதுங்கிய ஜவ்வைக் கையால் தள்ளி உள்ளே வைக்க முடியாது. பலருக்கு அது சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே சுருங்கி வலி குறைகிறது, பேர் மட்டும் கடைசியாகத் தொட்டவருக்குப் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டது ஆஸ்டியோபதி பயிற்சிக்கான அளவுகோல்களைத்தான், குணமாகும் என்ற சான்றிதழை அல்ல. அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

அதற்காகக் கையால் அழுத்தி அசைத்துச் செய்யும் இந்த வைத்தியம் முழுக்கப் பொய் என்றும் சொல்லவில்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2016இல் வெளியிட்ட இடுப்புவலி வழிகாட்டுதல், உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் மட்டும் பரிசீலிக்கலாம் என்கிறது. நடவுக்குக் குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்களுக்குப் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது, சரி. ஆனால் கால் வலுவிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமலோ வராமலோ போனாலோ யாரிடமும் எடுத்துவிடக் காட்டாமல் அன்றைக்கே தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்தை வெடுக்கென்று திருப்புவதில் அரிதாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததும் உண்டு.

வீடியோ வந்தால் உங்களோடு நிறுத்துங்கள், அனுப்பியவருக்கும் தனியாகச் சொல்லிவிடுங்கள்.