மெய்நிகர் கணினியின் அமைப்பை மாற்றுவது ஏன் இன்னும் இவ்வளவு சிரமம்?

லினக்ஸில் மெய்நிகர் கணினிகளை, அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாலேயே உருவாக்கி இயக்கும் கணினிகளை, பராமரிப்பவர்களுக்கு 4194304 என்ற எண் மனப்பாடமாகவே இருக்கும். 4 ஜிபி நினைவகத்தை, இந்தக் கணினிகளை நிர்வகிக்கும் லிப்விர்ட் என்ற மென்பொருள், அவற்றின் அமைப்பு விவரங்கள் அடங்கிய எக்ஸ்எம்எல் கோப்பில் கிபிபைட் (1024 பைட்) கணக்கில் அப்படித்தான் எழுதி வைக்கிறது. 8 ஜிபி வேண்டுமென்றால் 8388608. அலகை மாற்றி வெறும் 8 என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அடுத்த முறை திறக்கும்போது மறுபடியும் அந்த நீண்ட எண்தான் வந்து நிற்கும். 'மெமரி' வரியை மட்டும் உயர்த்திவிட்டு, கீழே உள்ள 'கரன்ட்மெமரி' வரியை அப்படியே விட்டுவிட்டால் உச்சவரம்புதான் கூடும். உள்ளே ஓடும் இயங்குதளத்துக்குப் பெரும்பாலும் பழைய 4 ஜிபிதான் கிடைக்கும். இதைப் பற்றி ஓர் எச்சரிக்கைகூட வராது.

பிழைச் செய்திகள்தான் எனக்கு இன்னும் பெரிய குறை. அந்தக் கோப்பைத் திறந்து திருத்த உதவும் 'விர்ஷ் எடிட்' கட்டளையில் நெட்வொர்க் கார்டுக்கான பகுதியில் ஒரு சொல்லைத் தவறாக எழுதிச் சேமித்துப் பாருங்கள். பல நேரங்களில் 'டிவைசஸ்' (சாதனங்கள்) என்ற பகுதியே கூடுதலாக இருக்கிறது என்று பதில் வரும். வட்டு, திரை, விசைப்பலகை எல்லாமே அந்தப் பகுதிக்குள்தான் இருக்கின்றன! எதைத் திருத்துவது? நள்ளிரவில் சர்வரைச் சரிசெய்ய உட்கார்ந்திருப்பவரிடம் இப்படிப் பேசுவது அநியாயம்.

சரியாகச் சேமித்தாலும், 'திருத்தப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. உள்ளிருந்து ரீஸ்டார்ட் செய்தால் மாற்றம் வராது, முழுவதும் அணைத்துவிட்டு மீண்டும் இயக்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் எங்கிருந்து தெரிந்துகொள்வார்கள்?

எக்ஸ்எம்எல்லைக் கற்றுக்கொள்ளாமல் இந்த வேலைக்கு வரக் கூடாது என்று அனுபவசாலிகள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோப்பை ஒளித்து வைக்கச் சொல்லவில்லை. அது திறந்தே இருக்கட்டும். இதே வேலையைத் திரையில் படிவங்கள் வழியாகச் செய்ய உதவும் விர்ட்-மேனேஜர் மென்பொருளின் 2019இல் வந்த 2.2 பதிப்பு, படிவத்தின் பக்கத்திலேயே எக்ஸ்எம்எல்லையும் காட்டித் திருத்த வழி செய்தது. மிக நல்ல முடிவு அது. அதே குழுவின் 'விர்ட்-எக்ஸ்எம்எல்' கருவி, கேட்டால் பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டி ஒப்புதல் கேட்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கணினி என்றால், முழுவதும் அணைத்த பிறகுதான் மாற்றம் நடைமுறைக்கு வரும் என்றும் சொல்லிவிடுகிறது.

ஆக, இதை எப்படிச் செய்வது என்பது மென்பொருளை உருவாக்குபவர்களுக்குத் தெரியாத ஒன்றல்ல. பலர் முதலில் கைவைக்கும் 'விர்ஷ் எடிட்'டிலும் இதைக் கொண்டுவர வேண்டும்: சேமிப்பதற்கு முன் என்னென்ன மாறுகிறது என்ற பட்டியல், ஜிபி கணக்கில் நினைவகம், பிழை இருக்கும் வரியின் எண். நிரல் எழுதத் தெரிந்த நண்பர்கள் யாராவது இந்த மூன்றில் ஒன்றையாவது எடுத்துச் செய்தால், சோதித்துப் பார்க்க நான் தயார்.