லாட்டிமோரின் முழங்கால்களும் அந்த மூன்று வருட விதியும்

மார்கஸ் லாட்டிமோரை அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்ப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மற்றவர்களுக்காக: 2010 முதல் 2012 வரை சவுத் கரோலைனா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய ரன்னிங் பேக். ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு, மலை மாதிரி நிற்கும் ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடுவதுதான் ரன்னிங் பேக்கின் வேலை. எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், அதாவது புள்ளிகள். தாண்டாவிட்டால், பெரும்பாலும் தாண்டமாட்டார், யாராவது இடித்துக் கீழே தள்ளுவார்கள். எழுந்து வந்து மறுபடி ஓட வேண்டும்.

முதல் வருடமே ஓடி முன்னேறிய தூரம் 1,197 யார்டு, ஓடியே 17 டச்டவுன். அந்த நவம்பரில் ஃப்ளோரிடாவை அதன் சொந்த மைதானத்தில் எதிர்கொண்டபோது, 40 முறை பந்தோடு ஓடி 212 யார்டு எடுத்தார். பத்தொன்பது வயது நிரம்பி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. 36-14 என்று ஜெயித்து, எஸ்.இ.சி. என்ற பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பில் கிழக்குப் பிரிவைச் சவுத் கரோலைனா முதன்முறையாகக் கைப்பற்றியது. பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பரியரை நான் குறை சொல்லமாட்டேன். ஜெயித்துக் கொடுக்கிற பையனை யார்தான் உட்கார வைப்பார்கள்?

என் கோபமெல்லாம் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை ஃபுட்பால் லீக் மேல். பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று வருடம் ஆகாத எவரையும் அது சேர்த்துக்கொள்ளாது. பேஸ்பால் வீரர் பள்ளி முடித்த கையோடு ஒப்பந்தம் போடலாம். இவர்களுக்கு அந்த வழி கிடையாது. ஒஹாயோ ஸ்டேட்டின் மாரிஸ் கிளாரட், அவரும் ரன்னிங் பேக்தான், இதை எதிர்த்து நீதிமன்றம் போனார். 2004 பிப்ரவரியில் ஜெயித்தார், மே மாதம் மேல்முறையீட்டில் தோற்றார். லீக் சொல்லும் காரணம், பதினெட்டு வயது உடம்பு தொழில்முறை ஆட்டத்தின் அடியைத் தாங்காதாம். கல்லூரியில் ஃப்ளோரிடாவுக்கு எதிராக 40 முறை இடி வாங்கினால் மட்டும் தாங்குமா?

2011 அக்டோபரில் மிசிசிப்பி ஸ்டேட் ஆட்டத்தில் இடது முழங்கால் போனது. தேறி வந்தார். 2012 அக்டோபர் 27, டென்னசியுடன் ஆட்டம். வலது முழங்கால் மூட்டு விலகி, தசைநார்கள் பல அறுந்தன. அந்தக் காட்சியை நான் திரும்பப் பார்ப்பதே இல்லை. எதிரணி வீரர்களும் மைதானத்துக்குள் வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

என்.எஃப்.எல். அணியான சான் ஃபிரான்சிஸ்கோ 49ers, புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 2013 டிராஃப்டில் அவரை நான்காவது சுற்றில் எடுத்தது. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2014 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். கல்லூரியில் அவர் ஓடிய 2,677 யார்டுக்கும் அடித்த 38 டச்டவுனுக்கும் கிடைத்தது படிப்புச் செலவும் தங்குமிடமும் சாப்பாடும். 'இலவசப் படிப்பு போதாதா' என்று கேட்பவர்கள், ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் அமரும் வில்லியம்ஸ்-பிரைஸ் ஸ்டேடியத்தின் டிக்கெட் வருமானம் யாருக்குப் போனது என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும்.

2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025இல் வந்த உடன்பாட்டுக்குப் பிறகு பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். நல்லது, பத்து வருடத்துக்கு மேல் தாமதம். ஆனால் அந்த மூன்று வருட விதியை மட்டும் யாரும் தொடவில்லை. எல்லா வகை ஆட்டக்காரர்களுக்கும் வேண்டாம், ரன்னிங் பேக்குகளுக்காவது அதை எடுத்துவிடலாம் என்பேன். இந்த வேலையில் உடம்பு முழு வேகத்தில் ஓடுகிற வருடங்களே சொற்பம், அதில் மூன்றைக் கல்லூரி எடுத்துக்கொள்கிறது.