மாமன் மடிக்கு ரத்தப் பரிசோதனையா?

ஞாயித்துக்கிழமை சேலம் அஸ்தம்பட்டி மண்டபத்துல, வேற ஒருத்தங்க கொடையாக் கொடுத்த கருமுட்டையில பொறந்த பாப்பாவுக்கு நடந்த காதுகுத்தைப் பத்தி ஆளாளுக்கு எழுதிட்டீங்க. "முட்டையே வேற யாருதோ, இதுல தாய்மாமன் ரத்தம் எங்க வந்துச்சு, மடியில எதுக்கு உக்கார வைக்கறது?" முத்து உதிர்த்த பெரியம்மாவுக்கு ஒரு கும்பிடு. 5 வயசுப் பாப்பா அம்மாகிட்ட என்ன கேட்டா தெரியுங்களா? "மாமாவுக்கு ரத்தம் இல்லையாம்மா? அடிபட்டுருச்சா?"

இதுக்குத்தாங்க தலைபாடா அடிச்சுக்கறது: இந்த விஷயத்தைக் குழந்தைகிட்ட முதல்ல சொல்ல வேண்டியது பெத்தவங்க.

"சின்னப் புள்ளைக்கு என்ன புரியும்?" எல்லாம் புரிய வேண்டாம். தொட்டில்ல கிடக்கறப்பவே சொல்லிப் பழகுங்க. அது குழந்தைக்கு இல்ல, நம்ம நாக்குக்கு. 3, 4 வயசுல இவ்வளவு போதும்: "பாப்பா உண்டாக முட்டை வேணும். அம்மாவோடது சரியா வேலை செய்யல. ஒரு அக்கா கொடுத்தாங்க. அப்பாவோட அணுவும் அதும் சேர்ந்து அம்மா வயித்துல வளர்ந்துச்சு. அதுதான் நீ." கோழி முட்டையான்னு கேக்கும். நாமக்கல்லைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேக்காம இருக்குமா! கோலமாவை விரல்ல தொட்டு, இதுல ஒரு துகள் அளவுதான்னு காட்டுங்க. "நிஜ அம்மா"ங்கற வார்த்தை மட்டும் வீட்டுல யார் வாயிலயும் வரக்கூடாது. ஒரே நாள்ல உக்கார வச்சுக் கொட்டினா, ஏதோ துக்கச் சேதின்னு நினைச்சுக்கும். குளிப்பாட்டறப்ப ரெண்டு வரி, ஏற்காடு பஸ்ல 20 கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கிட்டுப் போறப்ப ரெண்டு வரி.

"கொடுத்தவ நாளைக்கு உரிமை கேட்டு வந்தா?" கருமுட்டை, விந்தணுக் கொடை பத்தின 2021 சட்டத்தைப் படிங்க. கொடுத்தவங்களுக்குக் குழந்தை மேல எந்த உரிமையும் இல்ல. அந்தத் தம்பதிக்குப் பொறந்த குழந்தையாத்தான் சட்டம் பாக்குது. முட்டை கொடுக்கறவங்களுக்கு வயசு 23லேர்ந்து 35க்குள்ள இருக்கணும், ஆயுசுக்கு ஒரே தடவை, 7 முட்டைக்கு மேல எடுக்கக் கூடாது.

"பிளட் குரூப் பொருத்தித்தானே கொடுக்கறாங்க, குழந்தைக்கு எப்படித் தெரியும்?" ஏங்க, பெரியம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது? அதோட, "அம்மா வழியில சர்க்கரை உண்டா?"ன்னு டாக்டர் கேக்கறப்ப ஒவ்வொரு தடவையும் தப்பான பதிலைச் சொல்லிட்டு வருவீங்களா?

குறை ஆம்பளை பக்கம்னா கூத்தே வேற. வாங்கினது விந்தணு, ஊருக்குச் சொல்றது "அவளுக்குக் கர்ப்பப்பை வீக்". இந்தப் பெரியம்மா மட்டும் சளைச்சவங்களா? 9 வருஷமா வளைகாப்பு வீடுகள்ல பாப்பாவோட அம்மாவைப் பின்னாடி போய் உக்காரச் சொன்னவங்கதான். குழந்தை இல்லாதப்ப அது குத்தம். இருக்கறப்ப ரத்தம் குத்தம். எதுக்குத்தான் வாயை மூடுவீங்க?

சத்தத்துல பாப்பா அழுது, ஒரு காதுதான் குத்தினாங்க. மறு காது அடுத்த மாசம். அதே மாமன் மடியிலதான்.