சாரையை அடித்துக் கொன்றுவிட்டு எலிமருந்து வாங்கப் போகிறவர்கள்

எங்கள் தெருவில் மறுபடியும் ஒரு சாரைப்பாம்பை அடித்துக் கொன்றுவிட்டார்கள். வேலியோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்த அது ஆள் அரவம் கேட்டதும் புதருக்குள் ஓடத்தான் பார்த்தது. ஓடவிடாமல் சுற்றி வளைத்து, செங்கல்லால் தலையை நசுக்கி, கம்பில் தூக்கிப்பிடித்தபடி ஆளாளுக்குக் கைபேசியில் படமும் பிடித்துக்கொண்டார்கள். அது விஷமில்லாதது என்று சொன்னால், "எதுவானால் என்ன, பாம்பு பாம்புதானே" என்கிறார்கள். பட்டம் படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நாகம் என்று நினைத்துவிட்டோம் என்ற சாக்கு வேறு. சற்றுத் தள்ளி நின்று பார்த்தாலே போதும்: பெரிய கண், அதில் வட்டமான பாவை, மேலுதட்டுச் செதில்களின் ஓரங்களில் மை கொண்டு கோடிழுத்தாற்போல் கறுப்பு வரிகள். மிரண்டால் கழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கி உப்பிக்கொண்டு உறுமுமே தவிர, நாகத்தைப் போலப் படம் விரிக்காது. வழி அடைபட்டால் கடிக்கும்தான். ஆனால் அந்தக் கடியில் விஷம் இல்லை. நம் நாட்டில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கில் சாரை இல்லை.

இதற்கு மேல் கட்டுக்கதைகள் ஒரு மூட்டை இருக்கின்றன. வாலால் அடித்தால் உடம்பு அழுகிவிடுமாம், மாட்டின் காலைப் பின்னிக்கொண்டு பால் குடிக்குமாம், நாகத்தோடு இணைசேருமாம். உறிஞ்சும் உதடே இல்லாத ஒரு பிராணி மடியில் எப்படிப் பால் குடிக்கும் என்று ஒருவர்கூட யோசிப்பதில்லை. பின்னிப் பிணைந்து எழும் இரண்டு பாம்புகளைக் கண்டதும் அது சாரையும் நாகமும் கூடுவது என்று துண்டை வீசப் போகிறவர்கள் பார்ப்பது, பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் ஒன்றையொன்று தரையில் அழுத்தப் போராடும் மல்லுக்கட்டைத்தான்.

ஈரானிலும் துர்க்மெனிஸ்தானிலும் தொடங்கி, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா, இலங்கை, மியான்மர், தாய்லாந்து என்று விரிந்து, தென்சீனம், தைவான், ஜாவா வரைக்கும் இந்த இனம் பரவியிருக்கிறது. இத்தனை பெரிய நிலப்பரப்பில் வயலும் வரப்பும் குடியிருப்பும் பார்க்காமல் எலியையும் தவளையையும் தின்று பிழைக்கிற பிராணிக்கு நம் தெருமுனையில் மட்டும் இடமில்லை. தோலுக்காகக் கொன்று குவித்ததால்தான் 1990 முதல் இதன் சர்வதேச வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது; 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைக் கொல்வது குற்றம். கம்பில் தொங்கவிட்டுப் படம் பிடிப்பவர்கள் தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்!

தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ ஒரு போன் செய்துவிட்டு, ஆள் வரும்வரை பத்தடி தள்ளி நிற்கப் பொறுமை இல்லை. ஆனால் மாடிப்படிக்கு அடியில் எலி குட்டி போட்டுவிட்டது, வண்டியின் ஒயரைக் கடித்துவிட்டது என்று மாதம் முழுக்கப் புலம்பவும், குழந்தைகள் விளையாடும் இடத்திலேயே எலிமருந்தை உருட்டி வைக்கவும் மட்டும் அவர்களுக்கு நேரம் இருக்கிறது.