வாட்ச்மேனைக் கொன்றவன் எப்படி ஹீரோ?

கிரேக்கப் புராணத்தில் வரும் விநோதப் பிறவிகளைத் தலையை எண்ணி, கண்ணை எண்ணி, வாலைப் பார்த்து வகை பிரிப்பதுதான் வழக்கம். ஒரு மாறுதலுக்கு, அவர்கள் பார்த்த வேலையை வைத்துப் பிரித்துப் பாருங்கள். எங்கே திரும்பினாலும் செக்யூரிட்டி ஆட்கள்.

செர்பெரஸ் பாதாள உலகத்தின் வாசலில் கிடக்கும் நாய். லாடோன், தேவர்களின் ராணி ஹீராவின் தங்க ஆப்பிள் மரத்தைச் சுற்றிக்கொண்டு காவல் இருந்த பாம்பு. கொல்கிஸ் நாட்டில் தங்க ஆட்டுத்தோலுக்குக் கண்ணே மூடாத ஒரு டிராகன். ஆர்கஸுக்கு உடம்பெல்லாம் கண். ஒரே ஒரு பசுவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. டாலோஸ் வெண்கலத்தால் ஆனவன். கிரீட் தீவைச் சுற்றி தினம் மூன்று தடவை கடற்கரை ரோந்து. இவர்கள் தாங்களாக எந்த ஊருக்குள்ளும் புகுந்து யாரையும் மிரட்டவில்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார்கள். வெளியே இருந்து ஒருவன் வந்தான், காவலாளியை அடித்தான், பொருளைத் தூக்கிக்கொண்டு போனான். அவனுக்கு வீரன் என்று பட்டம், காவியம், பளிங்குச் சிலை எல்லாம்.

அதிலும் இது குடும்பத் தொழில். கி.மு. 700 வாக்கில் தெய்வங்களின் வம்சாவளியைப் பாடிய ஹெசியோட், எக்கிட்னா என்று ஒரு அம்மாவைச் சொல்கிறார். இடுப்புக்கு மேலே அழகான பெண், கீழே பாம்பு. கணவன் பெயர் டைஃபோன். இவர்களுக்குப் பிறந்தவைதான் செர்பெரஸ், பல தலைப் பாம்பான ஹைட்ரா, ஆர்த்ரஸ். இந்த ஆர்த்ரஸை யாரும் கண்டுகொள்வதில்லை, பாவம். இரண்டு தலை நாய். மேற்குக் கடல் தீவொன்றில் கெரியோன் என்பவனின் சிவப்பு மாடுகளுக்குக் காவல். அண்ணன் தம்பி இரண்டும் ஒரே லைனில்! பிற்காலத்தில் அப்போலோடோரஸ் பெயரில் வந்த தொகுப்பு நூல், லாடோனையும், மனிதருக்கு நெருப்பைக் கொடுத்ததற்காகக் கட்டிப்போடப்பட்ட புரோமிதியஸின் கல்லீரலைக் கொத்திய கழுகையும் இதே வீட்டுப் பிள்ளைகளாகச் சேர்க்கிறது.

இனி கிரேக்கர்களின் பெரிய வீரன் ஹெராக்ளீஸின் சாகசங்களை எக்கிட்னா பக்கத்திலிருந்து வாசியுங்கள். ஹைட்ராவின் தலைகளை வெட்டித் தீ வைத்தான். ஆர்த்ரஸைக் கட்டையால் அடித்தான். கழுகை அம்பு எய்து வீழ்த்தினான். லாடோனும் போச்சு. செர்பெரஸைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனான். வேறு எந்த நாட்டுக் கதையிலாவது இதைச் செய்தவன் வில்லனாகத்தான் இருப்பான், எக்கிட்னாவின் கடைசிப் பிள்ளை வளர்ந்து வந்து பழி வாங்கியிருக்கும்.

லாடோன் செத்த இடத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ரோட்ஸ் அப்போலோனியஸ் எழுதிய ஆர்கோ கப்பல் காவியத்தில் வருகிறது. ஆர்கோ கப்பலில் தங்க ஆட்டுத்தோலைத் தேடிப் போன ஜேசனும் ஆட்களும் பாலைவனத்தில் தாகத்தோடு அலைந்து அந்த ஆப்பிள் தோட்டத்துக்கு வந்து சேர்கிறார்கள். ஹெராக்ளீஸ் முந்தின நாள்தான் வந்துவிட்டுப் போயிருக்கிறான். மரத்தடியில் லாடோன் கிடக்கிறது. வால் நுனி மட்டும் இன்னும் துடிக்கிறது. அம்பு தைத்த புண்ணில் மொய்த்த ஈக்கள் அப்படியே காய்ந்து செத்துக் கிடக்கின்றன. ஏனென்றால் அம்பு முனையில் தடவியிருந்தது ஹைட்ராவின் விஷம். அப்போலோடோரஸ் கணக்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், கூடப் பிறந்ததன் விஷமே கூடப் பிறந்ததைக் கொன்றிருக்கிறது.

தோட்டத்துப் பெண்களில் ஈக்லே என்பவள் அழுதுகொண்டே நடந்ததைச் சொல்கிறாள். அப்படியே எஃப்.ஐ.ஆர். எழுதலாம். நேற்று ஒருவன் வந்தான், வெட்கம் கெட்டவன். சிங்கத்தோல் போர்த்தியிருந்தான், கையில் பெரிய மரக்கட்டை, வில்லும் இருந்தது. பாம்பைக் கொன்றான், ஆப்பிளைப் பறித்தான். தாகம் எடுத்ததும் பாறையை ஓர் உதை விட்டான், தண்ணீர் பீறிட்டது. குப்புறப் படுத்து மாடு மாதிரி வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போனான். இவ்வளவையும் கேட்ட ஜேசனின் ஆட்கள் என்ன செய்தார்கள்? இரங்கல் தெரிவிக்கவில்லை. "தண்ணீரா, எங்கே?" என்று ஓடினார்கள். வயிறு நிறைந்ததும், ஆளே இல்லாமலும் நம்மைக் காப்பாற்றினானே ஹெராக்ளீஸ் என்று புகழ்ந்தார்கள். சாட்சி சொன்னவள் பக்கத்திலேயே நிற்கிறாள்.

ஆர்கஸ் விஷயம் வேறு விதமான அநியாயம். தேவர்களின் ராஜா ஜீயஸ் ஒரு பெண்ணோடு தொடர்பு வைத்து, மனைவி ஹீரா வந்துவிட்டாள் என்றதும் அந்தப் பெண்ணைப் பசுவாக மாற்றிவிட்டார். ஹீரா என்ன லேசுப்பட்டவளா? "அழகான பசுவாக இருக்கிறதே, எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி, ஆர்கஸிடம் ஒப்படைத்தாள். ரோமானியக் கவிஞர் ஓவிட் கணக்குப்படி நூறு கண். இரண்டிரண்டாக முறை வைத்துத் தூங்கும், மற்றவை விழித்திருக்கும். இவ்வளவு கச்சிதமான ஷிப்ட் ஏற்பாடு எந்த கம்பெனியிலும் கிடையாது. அவனைத் தூங்க வைக்க ஜீயஸின் தூதர் ஹெர்மீஸ் மேய்ப்பன் வேஷத்தில் வந்தார். ஆர்கஸே, பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில், "வா, இந்தப் பாறையில் உட்கார்" என்றான். இதை வாசிக்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. பகல் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்கிறவன் அப்படித்தான் கூப்பிடுவான். ஹெர்மீஸ் குழல் ஊதினார். அந்தக் குழல் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று விளக்கத் தொடங்கினார். கதை முடிவதற்குள் நூறு கண்ணும் மூடிவிட்டன. பவர்பாயிண்ட் இல்லாத காலத்திலேயே இதைச் சாதித்திருக்கிறார்கள். அடுத்த நிமிடம் கழுத்து போய்விட்டது.

முதலாளியம்மா ஹீரா கொடுத்த இழப்பீடு? அந்தக் கண்களை எடுத்துத் தன் மயிலின் தோகையில் ஒட்டிக்கொண்டாள்.

டாலோஸ் ஏமாந்த விதத்தைக் கேட்டால் இன்றைக்குச் செய்தித்தாளில் வரும் மோசடிச் செய்தி போலவே இருக்கும். அவன் உடம்பில் ஒரே ஒரு நரம்பு, கழுத்திலிருந்து கணுக்கால் வரை. கீழே ஓர் ஆணி அடைத்திருக்கும். ஆர்கோ கப்பல் கிரீட்டை நெருங்கியதும் பாறைகளைத் தூக்கி எறிந்து விரட்டினான்; அதற்குத்தானே வைத்திருக்கிறார்கள். கப்பலில் இருந்த மெடியா மந்திரக்காரி. "உன்னைச் சாகா வரம் பெற்றவனாக ஆக்குகிறேன்" என்று பேசியே பக்கத்தில் வந்தாள், ஆணியைப் பிடுங்கிவிட்டாள் என்று கதையின் ஒரு வடிவம் சொல்கிறது. உள்ளே இருந்ததெல்லாம் ஒழுகிப் போய் விழுந்தான். "உங்கள் கணக்கை இலவசமாக அப்கிரேட் செய்து தருகிறோம் சார்" என்று வரும் அழைப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தாலியில் ரூவோ என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் கி.மு. 400 வாக்கில் செய்த ஜாடி ஒன்று இருக்கிறது. அதில் இரட்டையர் காஸ்டரும் போலக்ஸும் தாங்கிப் பிடிக்க, டாலோஸ் பின்னால் சரிகிறான். மற்றவர்கள் எல்லாம் வழக்கமான மண் சிவப்பு. அவன் உடம்பு மட்டும் வெளுப்பாக. வரைந்தவனுக்கும் அவன் மேல் கொஞ்சம் பரிதாபம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கொல்கிஸ் டிராகனைத் தூங்க வைத்ததும் இதே மெடியாதான். மருந்தில் தோய்த்த ஒரு குச்சி, ஒரு மந்திரம், முடிந்தது.

இதற்காக எல்லோருக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. ஒற்றைக் கண் பாலிஃபீமஸ் ஆறு பேரைத் தின்றிருக்கிறான். அதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்? ஆனாலும் ஹோமரின் ஒடிஸி காவியத்தைத் திருப்பி வாசித்தால், முதலில் அத்துமீறி நுழைந்தது அதன் நாயகன் ஒடிசியஸ்தான் என்பது உறுத்தும். வீட்டுக்காரன் இல்லாத நேரத்தில் குகைக்குள் போய், தீ மூட்டி, அவன் சீஸை எடுத்துத் தின்றுகொண்டு காத்திருக்கிறார்கள். திருடிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுகூட ஆட்கள் சொன்னார்கள். விருந்தாளி மரியாதையாக ஏதாவது கொடுப்பான் என்று இவர்தான் உட்கார வைத்தார். வந்தவனோ ஆடுகளை ஓட்டி வந்து, வரிசையாகப் பால் கறந்து, குட்டிகளைத் தாயிடம் விட்டு, பாதிப் பாலை உறையவிட்டு, மீதியைக் குடிக்க எடுத்து வைக்கிறான். ஒழுங்கான பால் பண்ணைக்காரன். கண்ணைக் குத்திவிட்டுத் தப்பிய பிறகாவது வாயை மூடிக்கொண்டு போனாரா? கப்பலில் நின்று, "என் பெயர் ஒடிசியஸ், அப்பா பெயர் லேர்ட்டீஸ், ஊர் இத்தாகா" என்று முழு விலாசத்தையும் கத்தினார். பாலிஃபீமஸின் அப்பா கடலுக்கே அதிபதி பொசைடன். கடலில் மிதந்துகொண்டு லைவ் லொக்கேஷன் போட்ட ஆள், வீட்டுக்குப் போகப் பத்து வருஷம் ஆயிற்றே என்று அழுவதில் அர்த்தம் இல்லை.

சரி, ஹெராக்ளீஸ் மேல் எனக்கு அவ்வளவு கோபமா என்றால், இல்லை. அவனும் கூலிக்கு மாரடித்தவன்தான். அந்தக் கூலியும் கைக்கு வரவில்லை. அவனை வேலை வாங்கியது யூரிஸ்தியஸ் என்ற ராஜா. முதலில் பேசியது பத்து வேலைதான். ஹைட்ராவைக் கொன்றதும், "தம்பி மகன் அயோலாஸ் உதவினான், இது செல்லாது" என்றான் ராஜா. முப்பது வருஷமாகக் கூட்டாத, ஆஜியஸ் என்ற இன்னொரு ராஜாவின் தொழுவத்தை, இரண்டு ஆறுகளைத் திருப்பிவிட்டு ஒரே நாளில் கழுவினான். "அதற்கு ஆஜியஸிடம் தனியாகக் கூலி பேசியிருக்கிறாய், இதுவும் செல்லாது." பத்து பன்னிரண்டு ஆனது இப்படித்தான். இதில் ஆஜியஸ் வேறு, யூரிஸ்தியஸ் சொல்லித்தான் செய்தாய் என்று கூலியைத் தர மறுத்துவிட்டான். பஞ்சாயத்து நடந்தது, ஆஜியஸின் சொந்த மகனே ஹெராக்ளீஸ் பக்கம் சாட்சி சொன்னான். தீர்ப்பு வருவதற்குள் இரண்டு பேரையும் நாட்டைவிட்டுத் துரத்திவிட்டான் ஆஜியஸ்.

யூரிஸ்தியஸுக்கு இன்னொரு குணம். கொண்டுவரச் சொன்னதைக் கொண்டுவந்தால் பயந்து பெரிய ஜாடிக்குள் ஒளிந்துகொள்வான். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் கி.மு. 525 வாக்கில் செய்த ஒரு தண்ணீர்க் குடத்தில் இந்தக் காட்சி இருக்கிறது. ஹெராக்ளீஸ் செர்பெரஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மூன்று தலையும் மூன்று நிறம், மேலெல்லாம் பாம்புகள் நெளிகின்றன. எதிரே மண்ணில் பாதி புதைந்த ஜாடி; அதிலிருந்து ராஜாவின் தலையும், வேண்டாம் வேண்டாம் என்று தூக்கிய இரண்டு கைகளும். கேட்டதே நீதானே அப்பா!

ஹைட்ரா சண்டையில் ஒரு நண்டு வரும். வந்து, ஹெராக்ளீஸின் காலைக் கவ்வி, மிதிபட்டுச் செத்தது. மொத்தப் பாத்திரமும் அவ்வளவுதான். ஆனால் ஹீரா அதை வானத்தில் வைத்தாள். கிரேக்கர்கள் சொன்ன கதைப்படி நம் கடக ராசி மண்டலம் அந்த நண்டுதான். ஆர்கஸின் கண்கள் மயிலுக்குப் போயின, ஒரே ஒரு கடி கடித்த நண்டுக்கு நட்சத்திரப் பதவி. பதவி உயர்வு எப்படிக் கிடைக்கிறது என்று கடக ராசிக்காரர்கள் யாராவது சொன்னால் தேவலை.

இந்தக் கூட்டத்தில் வேலையை இழக்காதது செர்பெரஸ் மட்டும்தான். ஆயுதம் இல்லாமல் பிடித்தால் கொண்டு போ என்று அதன் முதலாளி ஹேடீஸ் அனுமதி கொடுத்தார். ஹெராக்ளீஸும் ராஜாவிடம் காட்டிவிட்டுத் திருப்பி விட்டுவிட்டான். உள்ளே வருகிறவர்களிடம் வாலையும் இரண்டு காதையும் ஆட்டிக் குழையும், வெளியே போக நினைத்தால் கடித்துத் தின்றுவிடும் என்கிறார் ஹெசியோட். ஜிம் சந்தாவை ரத்து செய்ய முயன்றவர்களுக்கு இந்த நாயைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1980-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், நெட்வொர்க்கில் நுழைகிறவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாட்டை உருவாக்கியபோது அதற்கு இந்த நாயின் பெயரைத்தான், கிரேக்க உச்சரிப்பில், வைத்தார்கள்: கெர்பெரோஸ். பெரிய அலுவலகங்களின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் காலையில் பாஸ்வேர்டு போடும்போது பின்னால் நின்று டிக்கெட் கொடுப்பது பெரும்பாலும் அதுதான்.

செர்பெரஸ் காணாமல் போன அன்று வாசலில் டியூட்டியில் இருந்த ஆளின் நிலைமை என்ன என்று யாராவது யோசித்தார்களா? அரிஸ்டோஃபனீஸ் யோசித்திருக்கிறார். கி.மு. 405-இல் ஏதென்ஸில் போட்ட அவருடைய 'தவளைகள்' நாடகத்தில் டயோனிசஸ் கடவுள், ஹெராக்ளீஸ் மாதிரி சிங்கத்தோல் போட்டுக்கொண்டு பாதாளத்துக்குப் போகிறார். கதவைத் திறந்த காவலாளி தோலைப் பார்த்ததும் கத்துகிறான்: அடப்பாவி, நான் பார்த்துக்கொண்டிருந்த நாயை நெரித்துத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நீதானே! டயோனிசஸுக்குப் பயத்தில் வயிறு கலங்கி, அங்கேயே அசிங்கமும் ஆகிவிடுகிறது. உடனே தோலைக் கழற்றி அடிமை ஸாந்தியஸுக்குப் போட்டுவிடுகிறார். அடுத்து ஒரு பணிப்பெண் ஓடி வந்து, "ஹெராக்ளீஸ், உங்களுக்கு விருந்து தயார்" என்கிறாள். "கொடு என் தோலை" என்று பிடுங்கிக்கொள்கிறார். அந்த நேரம் பார்த்து வருகிறார்கள் சத்திரம் நடத்தும் இரண்டு பெண்கள். பதினாறு ரொட்டி தின்றவன் இவன்தான், கறி, பூண்டு எல்லாம் தின்றான், சீஸைக் கூடையோடு சேர்த்து விழுங்கினான், காசு கேட்டால் முறைத்துக் கூச்சல் போட்டு வாளை உருவினான், நாங்கள் பயந்து பரணில் ஏறிக்கொண்டோம், போகும்போது பாயையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டான் என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கணக்கு ஒப்பிக்கிறார்கள். வழக்காட ஆள் கூட்டி வரப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் டயோனிசஸ், "ஸாந்தியஸ், உன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் தெரியுமா" என்று ஆரம்பிக்கிறார். ஸாந்தியஸ் சொல்கிறான்: தெரியும், தெரியும், அந்தப் பேச்சை விடுங்கள், நான் மறுபடியும் ஹெராக்ளீஸ் ஆக மாட்டேன்.